இருந்திருக்கலாம்

ஆளுக்கு நானூறு. மோர் சேர்த்தி.
தொப்பி இல்லாதவர்களுக்கு என் வீட்டில் தைத்தது
இருபது ரூபாய்க்குக் கிடைக்கும்.
முக்காணிப் பாலம் தாண்டி வேனை நிறுத்தித்
தலைகளை எண்ணிக்கொண்டு நடையைத் தொடங்குவேன்.

பதினாறு வருஷம் உப்பளத்தில் கணக்கெழுதினேன்.
குழி தோண்ட வந்தவர்கள் ஆறு குழி தோண்டி
ஆறையும் மூடிவிட்டுப் போன வருஷம்
அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துக் கொடுத்து
இந்தத் தொழிலைக் கற்றேன்.
இப்போது பழையகாயலில்
இல்லாத ஒரு தெருவைக் காட்டிப் பிழைக்கிறேன்.

'இந்த உடைமரக் காடு இருக்கே,
இதான் குதிரைக்காரத் தெரு.
அராபியர் இந்தப் பக்கம், யூதர் அந்தப் பக்கம்.
மிளகுக்கு ஒரு கிட்டங்கி, முத்துக்கு ஒரு தராசு.
கடல் அப்போ இதுவரைக்கும்
இருந்திருக்கலாம்.'

அந்தக் கடைசிச் சொல்லில்தான் என் சோறு வேகிறது.
இருந்தது என்றால் பொய்.
இல்லை என்றால் நானூறைத் திருப்பிக் கொடுக்கணும்.

இன்றைக்கு ஏழு பேர்.
ஆழ்வார்திருநகரி வீரபாகு வாத்தியார்,
ஓய்வுபெற்ற சரித்திரம், கையில் நோட்டு.
பாளையங்கோட்டைக் கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர்,
ஒருத்தி செருப்பில் முள் ஏறி நொண்டுகிறாள்.
அவர்களைக் கூட்டிவந்த பேராசிரியை.
பிறகு சிப்போரா.
கொச்சியில் பிறந்து ஐந்து வயதில் கப்பலேறியவள்.
எழுபத்தாறு வயதிலும்
அந்த ஐந்து வயதின் மலையாளம்தான் பேசுகிறாள்,
தண்ணீர் கேட்டால்கூடச் சிணுங்குகிற மாதிரி இருக்கிறது.

'ஜெப ஆலயம்?' வாத்தியார் கேட்டார்.
இருந்திருக்கலாம்.
'கல்லறை?'
ஆற்றோடு போயிருக்கலாம்.
'எதையாவது கண்ணால காட்டும்வே.'

காட்டினேன், கடைசிக்கென்று வைத்திருந்ததை.
கிணறு தூர்ந்த மேட்டில் பாதி புதைந்த கருங்கல்.
விளிம்பில் பதினொரு கீறல், நெருக்க நெருக்கமாய்.
எபிரேய எழுத்து என்று
நூறு பேரிடமாவது சொல்லியிருப்பேன்.
நூறு பேரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.
ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது.
எனக்கும்.

சிப்போரா பேராசிரியையின் தோளைப் பிடித்து மண்டியிட்டாள்.
கைக்குட்டையால் மண்ணைத் தட்டினாள்.
ஒரு கீறலில் சுண்டுவிரலை வைத்து இழுத்தாள்.
விரல் விளிம்பு தாண்டி உள்பக்கமாய் வழுக்கி இறங்கியது.
'எழுத்தல்ல,' என்றாள். 'கயறு.'

வெயில் என் காதுக்குள் ஏறியது.
பிள்ளைகளில் ஒருவன் சிரித்தான்.
ஏழு நானூறு இரண்டாயிரத்து எண்ணூறு,
டீசல் போக, மோர் போக என்று
பழைய கணக்கப்பிள்ளை உள்ளே ஓடினான்.

அவள் எழுந்திருக்கவில்லை.
பதினொன்றிலும் ஒவ்வொன்றாய் விரலை ஓட்டினாள்.
'எல்லாரும் வெள்ளம் கோரி,' என்றாள்.
வெள்ளம் என்றதும் பிள்ளைகள் திரும்பி
ஆற்றைப் பார்த்தார்கள். அந்த மார்கழியை
இன்னும் யாரும் மறக்கவில்லை.
'தண்ணி எடுத்திருக்காங்கன்னு சொல்றாங்க,'
பேராசிரியை மெதுவாய்ச் சொன்னாள்.

யார் இழுத்த கயிறு என்று
வாத்தியார் கேட்பார் என்று பயந்தேன். கேட்கவில்லை.
கேட்டிருந்தால் என்னிடம் இருந்தது
அந்த ஒரே சொல்தான்.

வேனடியில் தலை எண்ணினேன்.
'லாபம், ரெண்டு, மூணு...'
உப்பு அளந்த வாய். ஒன்று என்று தொடங்க வராது.
சிப்போரா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.
'ஒண்ணு எவிடே?'
சொன்னேன்.
அவள் அப்பா ஜெபத்துக்கு ஆள் சேர்க்கையில்
'ஒன்றல்ல, ரெண்டல்ல' என்றுதான் எண்ணுவாராம்.
நேராய் எண்ணினால் ஆள் குறையுமாம்.

மறுபடி எண்ணினேன்.
ஆறு.

பேச்சிமுத்து ஹாரனை அழுத்தினான்.
மேட்டில், நோட்டைக் கீழே வைத்துவிட்டு,
தூர்ந்த கிணற்றுக்குள் குனிந்து பார்த்தபடி
வீரபாகு வாத்தியார்
இரண்டு கையாலும், கை மாற்றிக் கை மாற்றி,
இழுத்துக்கொண்டிருந்தார்.